புதுக்கடைக்குப் போகலாமா, விடலாமா

கடன் தாங்க முடியவில்லை என்று கனடாவில் இருக்கும் சொந்தக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னால் என்ன பதில் வரும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். "உதுக்கேன்டா பயப்பிடுறாய்? பாங்க்ரப்சி அடிச்சுவிடு." அதாவது வங்குரோத்து, கடனைத் தீர்க்க வகையில்லை என்று சட்டப்படி அறிவித்துவிடுவது.

என் பெரியம்மாவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறார். ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி, அது படுத்துப்போய், அவரும் ஒருமுறை அடித்தவர்தான். "ஒன்பது மாசம்தான். அதோட எல்லாம் சரி" என்றார். அண்ணா சொன்னது பொய்யில்லை. கனடாவில் முதல்முறை வங்குரோத்தாகிறவர், வருமானம் குறித்த வரம்புக்குள் இருந்து, செய்யச் சொன்னதையெல்லாம் செய்தால், ஒன்பது மாதத்தில் தானாகவே விடுபடுகிறார். அதற்கென்றே உரிமம் பெற்ற ஆள் ஒருவர் கடன்காரர்களோடு பேசுகிறார். முழு வங்குரோத்து வேண்டாம் என்கிறவர்களுக்கு, வீட்டுக் கடன் நீங்கலாக 250,000 டொலர் வரைக்கும், ஒரு பகுதியை மட்டும் ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இங்கிலாந்தில் என்றால் பன்னிரண்டு மாதம். லண்டனில் இருக்கும் மனைவியின் சித்தப்பாவும் இதே ராகத்தில்தான் பேசினார்.

நான் இருப்பது வெள்ளவத்தையில். எனக்குப் பொருந்தும் சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இலங்கையில் ரயில் ஓடத் தொடங்குவதற்கும் முந்தியது. நடுவில் எத்தனையோ சட்டம் வந்தது, கம்பனிகளுக்கென்று 2007இல் புதிய கம்பனிச் சட்டமே வந்தது. தனி மனிதன் கடனில் கவிழ்ந்தால் மட்டும் அந்தப் பழைய கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. அதைத் தட்டுவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்த கதை இது. இதே நிலையில் இருந்துகொண்டு வெளிநாட்டு அறிவுரையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலை போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் புதுமை ஒன்றும் இல்லை. வாகனம் இறக்குமதி செய்யும் ஓர் இடத்தில் சுங்கப் பத்திர வேலை பார்த்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். ரயர், உதிரிப்பாகம் என்று கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் டொலர் இல்லை, இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதமான எல்.சி.யை வங்கிகள் திறக்கவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்பவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எங்களிடம் வாங்கியது இரண்டாவது. பணிக்கொடை ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் ஐந்து லட்சத்துச் சொச்சம் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஐந்து லட்சம் எத்தனை மாதம் நின்றிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஊழியர் சேமலாப நிதியில் என் பங்கு 8 சதவீதமும் முதலாளி பங்கு 12 சதவீதமும் சேர்ந்து நல்ல தொகையாகவே கிடந்தது. ஆணுக்கு 55 வயது வரை அதை எடுக்க முடியாது. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் எடுக்கலாம், கடன் அட்டைக்காக எடுக்க வழியில்லை. அந்தக் காசுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி சேர்ந்துகொண்டிருக்க, என் அட்டைக்கு 36 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.

அட்டைக் கணக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன், இதைப் பலர் சரியாகப் பார்ப்பதே இல்லை. இரண்டு அட்டையில் பெரியதில் 4 லட்சத்து 20 ஆயிரம் நிலுவை. மாதம் 3 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 12,600. ஆகக் குறைந்தது கட்ட வேண்டியது என்று அறிக்கையில் போட்டிருப்பது 5 சதவீதம், அதாவது 21,000. வேலையில்லாதவன் எங்கேயோ புரட்டி 21,000 கட்டினால் முதல் தொகையில் குறைவது 8,400. ஒரு மாதம் தவறினால் தாமதக் கட்டணம் வேறு. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே இரவில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியபோது அட்டை வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் போய்விட்டது. 18 சதவீதம் என்ற காலத்தில் செய்த செலவை இரு மடங்கு வட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம்.

இதற்கு மேல் ஒரு தனிநபர் கடன், மிச்சம் 12 லட்சம். ஓர் ஆல்டோ காருக்கு லீசிங். மனைவியின் நகை அடகில் 6 லட்சம். சீட்டுக் காசும் கைமாற்றுமாக இன்னும் இரண்டரை லட்சம். சொந்த வீடு கிடையாது, இருப்பது வாடகை வீடு. யாழ்ப்பாணத்தில் மனைவிக்குச் சீதனமாக வந்த ஒரு துண்டுக் காணி இருக்கிறது.

வங்கிக்காகக் கடன் அறவிடும் ரிக்கவரிக்காரர்களின் அழைப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கிவிடும். ஒரு கட்டத்தில் போன் அடித்தாலே என் மகள் அதைக் குஷனுக்குக் கீழே தள்ளிவிடப் பழகியிருந்தாள். அந்த நிலையில்தான் அண்ணாவின் ஒன்பது மாதம் இனிப்பாகக் கேட்டது. சரி, இங்கே அதற்கு என்ன வழி என்று விசாரிக்க, கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போனேன்.

நீதிமன்றங்களைச் சுற்றிய ஒழுங்கைகளில் தட்டச்சுக்காரர்களுக்கும் போட்டோகொப்பிக் கடைகளுக்கும் நடுவில், ஒரு மாடிப்படியின் மேல் அந்தச் சட்டத்தரணியின் அறை. வயதானவர். நான் வங்குரோத்து என்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆர் தம்பி உமக்கு உதைச் சொன்னது? கனடாவா, லண்டனா?" என்று கேட்டார். என்னைப்போல நிறையப் பேர் அந்தப் படியேறியிருக்கிறார்கள் போல.

அவர் சொன்ன நடைமுறை இப்படிப் போகிறது. கடன் தீர்க்க வகையற்றவன் என்று நானே அறிக்கை கொடுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கடன்காரரும் என்மீது போடலாம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அரசாங்க இதழான வர்த்தமானியில் அறிவித்தல் வரும். என் ஆதனம், அதாவது சொத்தெல்லாம் நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் பொறுப்புக்குப் போகும். அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். வரவு செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பகிரங்க அமர்வுகள் நடக்கும். கடன்காரர்கள் வந்து கேள்வி கேட்கலாம், எதிர்க்கலாம். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் கடைசியில் ஒரு சான்றிதழ். அதிலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று இருக்கிறதாம், ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு மாதிரி. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு.

"எத்தனை மாசம் எடுக்கும், சேர்?"

"மாசமோ?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சிவில் வழக்கின் தவணைகள் எப்படிப் போகும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் போதும்.

இந்தச் சட்டம் பிறந்த காலத்தில் கடனுக்காக ஆளைப் பிடித்துச் சிறையில் போடுவது சர்வ சாதாரணம். அதனால் மனுப் போட்டவருக்கு அன்று கிடைத்த பெரிய லாபம் கைதாகாமல் இருப்பதுதான். வியாபாரியை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பது அவர் விளக்க விளக்க எனக்குத் தெரிந்தது. கப்பல் கவிழ்ந்தது, கோப்பி விலை விழுந்தது, அப்படிப்பட்ட ஆளுக்கானது. மாதச் சம்பளக்காரன், இரண்டு அட்டை, ஒரு லீசிங் என்ற உருவம் அதற்குள் எங்கே பொருந்துகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. புதிய சட்டம் கொண்டுவரப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. வரட்டும்.

மனுப் போட்டு விடுபடாமல் இருக்கும்வரை பாராளுமன்ற உறுப்பினராக முடியாது, கம்பனிப் பணிப்பாளராகவும் முடியாது. முதலாவதில் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன், பத்திர வேலையை வைத்துச் சின்னதாக ஒரு கம்பனி பதியும் எண்ணம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் பேச்சையே திருப்பியது. "உமக்கு ஆர் பிணை நிண்டது?"

தனிநபர் கடனுக்கு இரண்டு பேர். ஒருவர் என்னோடு வேலை செய்த மருதானை நண்பர், அவர் முந்தியே வேறு இடத்துக்கு மாறிவிட்டார். மற்றவர் மனைவியின் தம்பி, சாவகச்சேரியில் ஆசிரியர். இலங்கை வங்கிகளுக்கு அரசாங்க உத்தியோகத்தர் பிணை நின்றால் தனி விருப்பம். நான் கேட்டபோது அவன் பத்திரத்தை வாசிக்கவே இல்லை. "எங்க அத்தான் வைக்கிறது?" என்று கேட்டுக் கையெழுத்தை வைத்தான்.

சட்டத்தரணி அந்தப் பிணைப் பத்திரத்தின் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த முறை கொண்டுபோனேன். பொடி எழுத்தில் இருந்த ஒரு பந்தியில் விரலை வைத்தார். ரோமன்-டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்குச் சில பழைய உரிமைகள் உண்டு. "முதலில் கடன் வாங்கியவனிடம் போய் அறவிடு, அவனிடம் இல்லையென்றால் என்னிடம் வா" என்று சொல்லும் உரிமை ஒன்று. "இரண்டு பேர் பிணை நின்றால் என் பங்கை மட்டும் கேள்" என்பது இன்னொன்று. அந்தப் பந்தியில் பிணையாளிகள் இரண்டையும் லத்தீன் பெயர் சொல்லிக் கைவிடுகிறார்கள். அதனால் வங்கி நினைத்தால் என்னைத் தொடாமல் நேரே சாவகச்சேரிக்குப் போகலாம், முழுத் தொகைக்கும் போகலாம். நாட்டில் அநேகமாக எல்லா வங்கிப் பிணைப் பத்திரத்திலும் இந்தப் பந்தி இருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

எனக்கு நீதிமன்றம் முதலாம் வகுப்புச் சான்றிதழே கொடுத்தாலும் அது என்னை மட்டும்தான் விடுவிக்கும். பிணை நின்றவர்களை விடுவிக்காது. நான் மனுப் போட்ட செய்தி வர்த்தமானியில் வந்த அன்றைக்கே 12 லட்சம் அவர்கள் இருவரின் தலையில் இறங்கும்.

அது மட்டுமா? கிரிப் என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், ஒருவர் தானே வாங்கிய கடனோடு பிணை நின்ற கடனும் வரும். மைத்துனன் அப்போது வீடு கட்டக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தான். என் தவணை பிந்தியது அவன் அறிக்கையில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. வங்கி முகாமையாளர் அதைக் காட்டி இழுத்தடித்திருக்கிறார். அவன் எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மாமி வாய்தவறிச் சொல்லித்தான் மனைவிக்குத் தெரிந்தது. அன்றிரவு அவர் என்னிடம் சொன்னது: "இஞ்சாருங்கோ, நீங்கள் என்னவும் செய்யுங்கோ. அவன்ர சம்பளத்தில கை வைச்சால் நான் அம்மாவின்ர முகத்தில முழிக்கேலாது."

மருதானை நண்பர் தானாகவே எடுத்தார். "மச்சான், பேங்க்கால கோல் வந்திச்சு. கோவமொண்டும் இல்ல. ஆனா மாசா மாசம் என்ன நடக்குதெண்டு எனக்குச் சொல்லிக்கிட்டு இரு." அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி வருகிறேன், இன்றுவரை.

வெளிநாட்டு அறிவுரையில் விடுபட்டது இதுதான். அண்ணாவின் கடை அட்டைக்கும் அவருடைய மற்ற அட்டைகளுக்கும் யாரும் கையெழுத்து வைக்கவில்லை. அவர் விழுந்தபோது அவர் மட்டும்தான் விழுந்தார். கொழும்பில் சாதாரண மனிதன் ஒருவன் கொஞ்சம் பெரிய கடன் எடுத்திருக்கிறான் என்றால் அவன் பின்னால் ஒரு மைத்துனன், ஒரு கூட்டாளி, சில வேளை ஓய்வுபெறப்போகும் ஒரு மாமா நிற்கிறார்கள். சட்டம் என் சொத்தைக் கேட்கிறது, என் கடனைக் கேட்கிறது. பிணைப் பத்திரத்தை அது கேட்பதற்கு முன் நாம் எடுத்து மேசையில் வைக்க வேண்டும்.

இன்னொரு வகை அறிவுரையும் வந்தது, அது உள்ளூர்ச் சரக்கு. "இருக்கிறதையெல்லாம் மனிசியின்ர பேருக்கு மாத்திப்போட்டுப் பேசாமல் இரு." மாற்ற என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விசயம். கடன்காரரை ஏமாற்றுவதற்காகச் செய்த கைமாற்றத்தை நீதிமன்றத்தில் ரத்துச் செய்விக்கலாம், ரோமன்-டச்சுச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு வழக்கு வகை இருக்கிறது என்று சட்டத்தரணி ஒரே வசனத்தில் முடித்தார். வகையற்றவர் மனுவில் சொத்தை மறைத்தால் சான்றிதழும் போகும், தண்டனையும் வரும்.

மனைவியின் காணி பற்றித்தான் எனக்கு உண்மையான பயம் இருந்தது. இங்கே நம் பழைய சட்டம் கைகொடுத்தது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணின் சொந்த ஆதனம் கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது, அந்த ஆதனத்தைப் பராமரிக்கவோ திருத்தவோ பட்ட கடனாக இருந்தால் ஒழிய. திருமணத்துக்குப் பிறகு சேர்த்த தேடியதேட்டம் என்றால் கதை வேறு, அது இருவருக்கும் உரியது. கொழும்பில் இத்தனை காலம் இருந்துவிட்டு நாங்கள் இன்னும் வடமாகாண வாசிகளா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு கிளப்பலாம், அதற்கும் ஒரு தனி வழக்காட வேண்டி வரலாம் என்றும் எச்சரித்தார். எப்படியோ அன்றிரவு கொஞ்சம் நித்திரை வந்தது.

அப்புறம் நானும் மனைவியும் ஒரு சி.ஆர். கொப்பியில் கடன்களைத் திரும்ப எழுதினோம். வட்டி கூடியதை முதலில் எழுதுவதுதான் வழக்கம். நாங்கள் வேறு வரிசை போட்டோம். இன்னொருவரின் கழுத்தில் இறங்கும் கடன் மேலே. என் கழுத்தோடு நிற்கும் கடன் கீழே. அப்படி எழுதியபோது, நாளுக்கு நாள் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்த அட்டைக் கடன்கள் அடியில் போய் விழுந்தன. எனக்கு அதிகம் போன் வராத தனிநபர் கடன் உச்சிக்கு வந்தது. அந்த வங்கி என்னைக் கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது, அவர்கள் பிணையாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விற்க இருந்தது இரண்டு, காரும் நகையும்.

கார் விசயத்தில் ஒரு வேடிக்கை. என் வேலையைத் தின்ற அதே இறக்குமதித் தடை பழைய கார்களின் விலையைத் தூக்கிவிட்டிருந்தது. புதிது வராத நாட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை. லீசிங்கில் இருக்கும் வாகனத்துக்குச் சொந்தக்காரர் லீசிங் கம்பனிதான், பதிவுச் சான்றிதழிலேயே அப்படித்தான் இருக்கும். ஆகவே வங்குரோத்து மனு அந்தக் காரைக் காப்பாற்றியிருக்காது. தவணை விட்டுக்கொண்டே போனால் வீதியில் மறித்துச் சீஸ் பண்ணிக்கொண்டு போய் வந்த விலைக்கு விற்பார்கள், போதாத காசை நம்மிடமே கேட்பார்கள். நாங்கள் அதற்கு முந்திக்கொண்டோம். வாங்க வந்தவர் லீசிங் பாக்கியை நேரே கட்டிக் கடிதம் எடுத்தார், எங்கள் கையில் 9 லட்சம் மிஞ்சியது. கார் போனது வெள்ளவத்தை ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்தது, பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு பேராவது கேட்டார்கள். கேட்கட்டும்.

நகை அவ்வளவு லேசாகப் போகவில்லை. ரூபா விழுந்ததில் பவுண் விலை எங்கேயோ போயிருந்தது. அடகு வைத்த நகையை மீட்டுக் கூடிய விலைக்கு வாங்குவோம் என்று பத்திரிகையில் விளம்பரம் வரும், பார்த்திருப்பீர்கள். செட்டியார் தெருவில் அப்படிப்பட்ட ஒருவரைப் பிடித்தோம். அவர் எங்களோடு அடகுக் கருமபீடத்துக்கு வந்து, முதலையும் வட்டியையும் எண்ணிக் கட்டி, நகையை வாங்கிக்கொண்டு, திரும்பக் கடைக்குக் கூட்டிப்போனார். தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். கல் வைத்த அட்டியலில் கல்லுக்குக் கழித்தார், உள்ளே அரக்கு இருக்கிறது என்று அதற்கும் கழித்தார். காப்பை உரைத்துப் பார்த்தார். மனைவி அந்த அட்டியலை மட்டும் இன்னொரு முறை நிறுக்கச் சொன்னார். அதே நிறைதான். "சரி, போடுங்கோ" என்றார். அடகுக் கடன் போக நான்கு லட்சத்துக்குக் கிட்ட வந்தது. அடகில் கிடந்த நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை என்பது என் கட்சி. அவர் கட்சி என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தக் காசை மனுப் போடும் ஒருவன் தன் இஷ்டத்துக்கு ஒரு கடன்காரருக்கு மட்டும் கொடுக்க முடியாது. ஒரு கடன்காரருக்குச் சலுகை காட்டியதாகக் கேள்வி வரும். ஆகவே இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. நாங்கள் மனுவை விட்டோம். தனிநபர் கடனின் பிந்திய தவணைகளை முழுக்கக் கட்டிவிட்டு வங்கி முகாமையாளரிடம் போய் மீதியை மறுசீரமைத்துத் தரக் கேட்டேன். கையில் காசோடு போகிறவனிடம் வங்கி பேசும் விதமே வேறு. தவணைக் காலத்தை நீட்டினார்கள், மாதக் கட்டு பாதிக்குக் கிட்டக் குறைந்தது. மொத்த வட்டி கூடியது என்பதும் உண்மை. மைத்துனனின் கிரிப் அறிக்கை சரியாகச் சில காலம் எடுத்தது. அவன் வீட்டுக்கு இப்போது கூரை போட்டாயிற்று.

சின்ன அட்டையை மொத்தமாகக் கட்டி மூடினேன். பெரிய அட்டையை விட்டேன். இதை வாசிக்கும் வங்கிக்கார நண்பர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். எல்லோருக்கும் கட்டக் காசு இல்லாதபோது யாருக்காவது கட்டாமல் விடத்தான் வேண்டும். யாருடைய கையெழுத்தும் இல்லாத கடனை விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வந்தது, பிறகு வழக்கு. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில் வங்கிகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நீதிமன்றம் முதலிலேயே ஒரு தீர்ப்பாணை போட்டுவிட்டு, இதை உறுதியாக்காமல் இருக்கக் காரணம் இருந்தால் சொல் என்று நம்மைக் கூப்பிடும். காரணம் சொல்லவே அனுமதி வாங்க வேண்டும், சில வேளை காசு கட்டச் சொல்லியும் அனுமதி வரும். அழைப்பாணையை வாங்காமல் ஒளித்துத் திரிந்தால் முடிந்தது கதை. நான் குறித்த நாளில் போனேன். கடன் இல்லை என்று வாதாடவில்லை, மாதம் எவ்வளவு முடியும் என்பதை மட்டும் சொன்னேன். வங்கித் தரப்பு தாமதக் கட்டணங்களில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மாதத் தவணைக்கு இணங்கியது. நீதிமன்றத் தீர்ப்பு வந்தாலும் உடுத்த உடுப்பையும் படுக்கையையும் தொழில் கருவியையும் பறிமுதல் செய்ய முடியாது என்று சிவில் நடவடிக்கைமுறைக் கோவையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு மேல் எடுக்க ஒரு குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும்தான் இருந்தன.

ரிக்கவரிக்காரர்கள் அக்கம்பக்கத்துக்குப் போன் போடுவதாகச் சொல்லி மிரட்டினால் பயந்து ஒதுங்காதீர்கள். மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு திணைக்களம் இருக்கிறது, 1935 என்ற இலக்கம். நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். நான் ஒரு முறை, இந்த அழைப்பை எழுதி வைக்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன், அந்தக் குரல் அதற்குப் பிறகு வரவில்லை.

2023 நடுவில் இறக்குமதித் தடைகள் தளரத் தொடங்கின. புறக்கோட்டையில் சில சின்ன வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்தே சுங்கப் பத்திரம் செய்து கொடுக்கத் தொடங்கினேன், அதில்தான் இப்போது குடும்பம் ஓடுகிறது. பழைய சம்பளம் அளவுக்கு வரவில்லை. அட்டை எதுவும் கையில் இல்லை.

வங்குரோத்து மனு யாருக்குமே உதவாது என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பத்திர வேலை கொடுத்தவர்களில் ஒருவர் கைபேசி உதிரிப்பாகம் கொண்டுவந்து விற்றவர். டொலர் ஏறியதில் ஒரே சரக்கில் விழுந்துவிட்டார். வங்கிக் கடன் இல்லை, பிணையாளி இல்லை, வீடு காணி இல்லை. முழுக்க முழுக்கச் சரக்குக் கொடுத்தவர்களின் கடன், அதில் சிலர் தீர்ப்பும் எடுத்துவிட்டார்கள். 1853ஆம் ஆண்டுக்காரர்கள் மனதில் வைத்திருந்த ஆள் அச்சொட்டாக அவர்தான். அவரை நானே புதுக்கடைப் படியேற்றிக் கூட்டிப்போனேன். சட்டத்தரணி முதலில் கேட்டது, பிந்திய திகதி போட்டுக் கொடுத்த காசோலை ஏதாவது வெளியில் நிற்கிறதா என்று. காசில்லாத காசோலை கொடுப்பது குற்றம், சான்றிதழ் வந்தாலும் அந்தக் குற்றம் போகாது. இரண்டு நின்றது. அவற்றை முதலில் பேசித் திருப்பி எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகுதான் மனு.

கடன்காரர் பட்டியல் எழுதும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். தங்கச்சியிடம் கைமாற்றாக வாங்கிய 60 ஆயிரத்தை எழுத அவருக்கு மனமில்லை. அவள் கேட்க மாட்டாள், அதை ஏன் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். எல்லாவற்றையும் எழுத வேண்டும், ஒன்றை விட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள் என்றார் சட்டத்தரணி. கொஞ்ச நேரம் தர்க்கம் நடந்தது. தங்கச்சிக்குப் போன் போட்டுக் கேட்டோம். "அண்ணா, எழுதுங்கோ, எனக்கும் பங்கு வரட்டும்" என்றார் அந்தப் பிள்ளை. எழுதினார்.